நான் நியூ ஜெர்சியில், மனைவி ஃப்ளோரிடாவில்: டாக்ஸ் ஃபைல் செய்வது எப்படி?

நான் எடிசனில் இருக்கிறேன், மனைவி டாம்பாவில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அங்கேதான் வேலை, வீடு எல்லாம். இரண்டு வாடகை, மாதம் ஒரு விமான டிக்கெட் என்று ஏற்கெனவே கையைக் கடிக்கிறது. போதாக்குறைக்கு, கல்யாணமான பிறகு முதல் முறை ஃபைல் செய்தபோது மூவாயிரத்துச் சொச்சம் டாலரை நியூ ஜெர்சிக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தோம். சப்மிட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் கண்ணில் பட்டது, தப்பித்தோம். நான் சிபிஏ (லைசென்ஸ் பெற்ற கணக்காளர்) இல்லை. எங்களைப் போன்ற, இரண்டு பேரும் சம்பளக்காரர்களாக உள்ள வீடுகளுக்கு இந்த வழி போதும்.

படி 1: யார் எந்த மாநிலத்துக்காரர்?

இதை அசட்டையாக விடாதீர்கள். வேலைக்காக ஒரு வருடம் வெளியூரில் தங்கினால் மட்டும் மாநிலம் மாறிவிடாது. திரும்பிப் போக வேண்டிய வீடு நியூ ஜெர்சியில்தான் என்றால், பெரும்பாலும் நீங்கள் இன்னும் நியூ ஜெர்சிக்காரர்தான். டிரைவிங் லைசென்ஸ், கார் ரெஜிஸ்ட்ரேஷன், வாடகை ஒப்பந்தம் எல்லாம் எந்த ஊரில் என்று பாருங்கள். என் மனைவிக்கு எல்லாமே ஃப்ளோரிடா என்பதால் எங்களுக்குக் குழப்பமில்லை. நடு வருடத்தில் இடம் மாறியவர்கள் பகுதி வருடக் கணக்குப் போட வேண்டும், அது வேறு கதை.

படி 2: ஃபெடரல் ரிட்டர்ன்

டிசம்பர் 31 அன்று கல்யாணமானவர் என்றால் அந்த வருடம் முழுக்கக் கல்யாணமானவர்தான். வேலைக்காகத் தனித்தனியாக இருக்கிறோம் என்று ‘சிங்கிள்’ போடக் கூடாது. ஜாயின்ட் (இருவரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன்) அல்லது செப்பரேட் (ஆளுக்கொன்று), இந்த இரண்டில் ஒன்று. 2025 வருமானத்துக்கு ஜாயின்டில், வரி போடும் முன் கழித்துக்கொள்ளும் நிலையான தொகையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 31,500 டாலர், செப்பரேட்டில் ஆளுக்கு 15,750. செப்பரேட் போட்டால் படிப்புச் செலவுக்கான கிரெடிட் (வரியிலிருந்தே கழிக்கும் தொகை) போன்ற சலுகைகள் போய்விடும். அதனால் பெரும்பாலானோருக்கு ஜாயின்ட்தான் லாபம்.

ஃபெடரல் படிவமான ஃபாரம் 1040இல் ஒரு முகவரிக்குத்தான் இடம். தபால் ஒழுங்காகப் பிரித்துப் பார்க்கிறவர் வீட்டு முகவரியைக் கொடுங்கள். அப்புறம், ஊரில் உள்ள எஃப்டி வட்டியை மறக்காதீர்கள். என்ஆர்இ (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான) கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு.

படி 3: மாநில ரிட்டர்ன் (பணம் போவது இங்கேதான்)

ஃப்ளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை. அங்கே ஃபைல் செய்ய ஒன்றுமில்லை. சிக்கல் நியூ ஜெர்சியில்.

ஃபெடரலில் என்ன ஸ்டேட்டஸோ அதுவேதான் மாநிலத்திலும் என்பது நியூ ஜெர்சியின் பொது விதி. ஆனால் வருடம் முழுக்க ஒருவர் இங்கேயும் மற்றவர் வெளி மாநிலத்திலும் வசித்திருந்தால், இங்கே இருப்பவர் மட்டும் தனியாக என்ஜே-1040 (நியூ ஜெர்சி ரிட்டர்ன் படிவம்) ஃபைல் செய்யலாம். ஜாயின்டாகவும் போடலாம்தான். ஆனால் அப்போது இரண்டு பேரையும் நியூ ஜெர்சிவாசிகளாகவே கணக்கில் எடுப்பார்கள். டாம்பா சம்பளத்துக்கும் இங்கே வரி விழும்.

ஓர் உதாரணம். கணவர் சம்பளம் 1,10,000 டாலர், மனைவி சம்பளம் 90,000 என்று வையுங்கள். ஆளுக்கு 1,000 டாலர் விலக்கைத் தவிர வேறு எந்தக் கழிவும் இல்லை. கணவர் தனியாகப் போட்டால் நியூ ஜெர்சி வரி சுமார் 4,817 டாலர். ஜாயின்டாகப் போட்டால் சுமார் 8,570. வித்தியாசம் 3,753 டாலர்! ஃப்ளோரிடாவில் வரியே கட்டாததால், அங்கே கட்டியதைக் காட்டி இங்கே கிரெடிட் கேட்கவும் வழியில்லை.

படி 4: சாஃப்ட்வேரை ஏமாற்றுவது

நாங்கள் மாட்டப் பார்த்தது இங்கேதான். ஃபெடரலை ஜாயின்டாக முடித்ததும், சாஃப்ட்வேர் தானாகவே இரண்டு டபிள்யூ-2களையும் (ஆபீஸ் தரும் வருடச் சம்பளச் சான்று) நியூ ஜெர்சி ரிட்டர்னுக்குள் இழுத்துக்கொண்டது. மனைவியின் டபிள்யூ-2இல் மாநிலத்துக்கான 15 முதல் 17 வரையுள்ள கட்டங்கள் காலியாக இருந்தும், கட்ட வேண்டிய தொகை சிவப்பில் எகிறி நின்றது.

வழி இதுதான். ஜாயின்ட் ஃபெடரலை மட்டும் அனுப்புங்கள். பிறகு புதிதாக ஒரு ஃபைல் திறந்து, நியூ ஜெர்சியில் இருப்பவருக்கு மட்டும் செப்பரேட் என்று ஒரு மாதிரி ஃபெடரல் கணக்குப் போடுங்கள். இதை அனுப்பவே கூடாது, எண்களுக்காக மட்டும். ஜாயின்ட் வங்கிக் கணக்கு வட்டியில் உங்கள் பங்கை மட்டும் சேருங்கள். அந்த எண்களை வைத்து, மாநில அரசின் சொந்த இணையதளத்தில் இலவசமாகவே என்ஜே-1040 ஃபைல் செய்துவிடலாம்.

வேறு மாநிலமா?

நியூயார்க்கிலும் கிட்டத்தட்ட இதே விதிதான். கலிஃபோர்னியா கறார். வெளியே இருப்பவருக்கு வருடம் முழுக்க கலிஃபோர்னியாவிலிருந்து எந்த வருமானமும் இல்லை என்றால்தான் பிரித்துப் போட முடியும். (ராணுவத்தினருக்குத் தனி விதிவிலக்கு உண்டு.) போதாததற்கு கலிஃபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன், அரிசோனா போன்றவை ‘கம்யூனிட்டி பிராப்பர்ட்டி’ மாநிலங்கள். அங்கே ஒருவர் சம்பாதித்ததில் பாதி மற்றவருடையது என்று சட்டம் பார்க்கும். உங்களில் ஒருவர் அங்கே இருந்தால் சிபிஏவுக்குக் காசு கொடுப்பதே மேல்.

படி 5: கையெழுத்து, அப்புறம் டபிள்யூ-4

ஜாயின்ட் ரிட்டர்னில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆன்லைனில் என்றால் ஆளுக்கொரு பின் நம்பர், அதோடு போன வருட ரிட்டர்னின் ஏஜிஐ (சில கழிவுகள் போன மொத்த வருமானம்) தொகை கேட்பார்கள். எடுத்து வைத்துக்கொண்டு வீடியோ காலில் உட்காருங்கள். கடைசித் தேதி ஏப்ரல் 15. நீட்டிப்பு கேட்டால் அக்டோபர் 15 வரை ஃபைல் செய்யலாம், ஆனால் பணம் ஏப்ரலிலேயே கட்டியாக வேண்டும்.

ஃபைல் செய்த கையோடு இருவர் ஆபீஸிலும், சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்துங்கள். ‘ஜாயின்ட்’ என்று மட்டும் போட்டால், ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் முழுதும் இந்த ஒரு சம்பளத்துக்குத்தான் என்று இரண்டு ஆபீஸும் நினைத்துக் குறைவாகப் பிடிக்கும். இரண்டாம் பகுதியில் இரண்டு வேலைக்கான கட்டம் இருக்கும். சம்பளம் ஏறக்குறைய சமம் என்றால் இருவருமே அதை டிக் செய்யுங்கள். நாங்கள் செய்யவில்லை. அடுத்த ஏப்ரலில் ஐஆர்எஸ்ஸுக்கு (ஃபெடரல் வரித் துறை) கட்டிய பணத்தில் டாம்பாவுக்கு ஆறேழு டிக்கெட் வாங்கியிருக்கலாம்.