தன்னையே தொலைக்கும் துப்பறிவாளரைத் தோட்டப்புறத்தில் எழுதுவது எப்படி

எட்கர் ஆலன் போ 1841இல் தொடங்கிவைத்த துப்பறியும் கதையில் தடயங்களைக் கோத்துப் பார்க்கும் அறிவு கடைசியில் வென்றே தீரும். துப்பறிபவர் யார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. பின்நவீனத்துவத் துப்பறியும் கதை அந்தக் கேள்வியைத்தான் கையில் எடுக்கிறது. பால் ஆஸ்டரின் 'கண்ணாடி நகரம்' (1985) நாவலில், புனைபெயரில் துப்பறியும் கதை எழுதிப் பிழைக்கும் குயின், தவறி வந்த தொலைபேசி அழைப்பை நம்பி வேறொருவராக நடிக்கத் தொடங்கி, ஒரு கிழவரைப் பின்தொடர்ந்து, முடிவில் குடியிருந்த வீட்டையும் இழந்து நிற்கிறார். இத்தகைய கதையை எழுத விரும்புகிறவர் குற்றத்தைப் பிறகு யோசிக்கலாம். துப்பறிபவர் எதைப் பிடித்துக்கொண்டு தம்மை இன்னார் என்று நம்புகிறார் என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும்.

அந்த நாவல் நடக்கும் நியூயார்க்கை அப்படியே பெயர்த்து வந்து மலேசியத் தோட்டப்புற ஊரான சுங்கை சிப்புட்டில் வைக்க முடியாது. அங்கே ஒருவர் கரைந்துபோவது, அவரை யாருக்கும் தெரியாததால். இங்கேயோ பேருந்து நிறுத்தத்தில் சற்று நேரம் சும்மா நின்றாலே, "என்ன கிராணி ஐயா, யாருக்காக நிக்கிறீங்க?" என்று ஒருவராவது கேட்டுவிடுவார். ஆகவே நம் துப்பறிவாளருக்குத் தனிமை உதவாது. பிறருடைய அடையாளத்தை எழுதிக் கொடுத்த கை அவருடையதாக இருக்கட்டும்: தோட்டத்தில் தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலை எழுதி ஓய்வுபெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடையாளச் சிக்கலைக் காட்டக் கண்ணாடி, நிழல், இரட்டையர் என்று அலைய வேண்டியதில்லை. பீரோவில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கும் பத்திரங்களே போதும். உரிய காலத்தில் பிறப்புப் பதியப்படாதவர்களும், பெயர் பிழையாகப் பதியப்பட்டவர்களும், பிள்ளைகள் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை வைத்திருக்கத் தாம் மட்டும் நிரந்தரவாசியின் சிவப்பு அட்டையோடு முதுமை எய்தியவர்களும் நம்மிடையே உண்டு. மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதியையும், அடுத்த 2 பிறந்த இடத்தையும் குறிக்கும். கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். இவ்வளவும் சொல்லும் அட்டை, கிராணி தேடும், காணாமல் போன பழைய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரைப் பற்றி எதையும் சொல்லாமல் போகிறது. ஏனெனில் அவருடைய பெயர் ஏட்டுக்கு ஏடு மாறியிருக்கிறது. முதல் பிழை தம் கையெழுத்தில் இருப்பதைக் கிராணி பார்க்கும் இடத்தைக் கதையின் நடுவில் வையுங்கள். அலென் ராப் கிரியேயின் 'அழிப்பான்கள்' (1953) நாவலில், நடக்காத கொலையை விசாரிக்க வந்தவரே கடைசியில் அந்தக் கொலையைச் செய்துவிடுகிறார். நம் கிராணிக்குத் துப்பாக்கி வேண்டாம், பேனா போதும்.

அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நீங்கள் சொல்லிவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். அதை அவருடைய நோட்டுப் புத்தகம் சொல்லட்டும். காணாமல் போனவர் இவராகத்தான் இருக்கும் என்று சந்தேகித்து ஒரு கிழவரை அவர் கண்காணிக்கிறார். முதல் வாரத்துக் குறிப்பு இப்படி இருக்கலாம் (தே ஓ கொசோங் என்பது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்): "காலை 6.40. ஒட்டுக்கடை. அவர் தே ஓ கொசோங் கேட்டார். இடது கையால் குடித்தார்." பல வாரங்களுக்குப் பின்: "6.40. தே ஓ கொசோங் கேட்டேன். அவர் வரவில்லை." அதற்கும் பின்: "6.40. வந்தேன். யாரோ பார்க்கிறார்கள்." எழுவாய் எங்கே இடம் மாறியது என்பதை வாசகர் திரும்பிப் போய்த் தேடினால் உங்கள் வேலை முடிந்தது. நேரம், கடை, பானம் ஆகிய மூன்றையும் மாற்றாதீர்கள். அவை அசையாமல் இருந்தால்தான் ஆள் அசைவது தெரியும்.

அடுத்தது, ஒழுங்கைத் தேடும் ஆசை. போர்ஹெஸின் 'மரணமும் திசைகாட்டியும்' (1942) கதையில், திருடன் அறை மாறிப் புகுந்துவிட்டான் என்ற எளிய விளக்கத்தைச் சுவையற்றது என்று தள்ளிவிட்டு, மறைபொருள் நிறைந்த விளக்கத்தைத் தேடும் துப்பறிவாளர் லோன்ரோட், அந்த ஆசையையே தூண்டிலாக்கியவனிடம் போய்ச் சிக்குகிறார். நமக்கு அந்தத் தூண்டிலை எண்ணெய் தரும் செம்பனைக் காடே தருகிறது. செம்பனையை முக்கோண அமைப்பில் நடுவதால், எந்த மரத்தடியில் நின்று பார்த்தாலும் பல திசைகளில் நேர்வரிசைகள் ஓடும். கிழவர் நடந்த வழியைக் கிராணி வரைபடத்தில் குறிக்கிறார், முக்கோணங்கள் விழுகின்றன, அதில் ஒரு செய்தி இருப்பதாக அவர் நம்பிவிடுகிறார். மரம் நட்ட முறை அவருக்குத் தெரியாதா? ஊரில் வேறு எவரையும்விட நன்றாகத் தெரியும். அந்த மறதியை விளக்காமல், பழைய தண்டல் (தொழிலாளர் மேற்பார்வையாளர்) ஒருவர் வரைபடத்தைப் பார்த்து, "இது நம்ம நடவு வரிசைங்க ஐயா" என்று சொல்லும்படி வைத்து, கிராணி கேட்காததுபோல் பென்சில் சீவிக்கொண்டிருக்கட்டும்.

முடிவைப் பொறுத்தவரை, காணாமல் போனவர் கிடைத்தாரா என்பதை மூடி வைப்பது மட்டும் போதாது. வெறும் மூடலை வாசகர் ஏமாற்று என்றே கொள்வர், அதில் தவறும் இல்லை. நோட்டுப் புத்தகம் கிராணியின் மகள் கைக்குப் போகட்டும். அவள் தேதிகளைச் சரிபார்க்கலாம், கையெழுத்து மாறிய பக்கத்தைக் காட்டலாம், அந்தப் பெயரின் நான்கு எழுத்து வடிவங்களில் நான்காவது தன் தந்தையின் பெயரோடு ஒத்துப்போவதை வாய்விட்டுப் படிக்கலாம். அதற்கு அவள் காரணம் சொல்லத் தொடங்கும் பத்தி உங்கள் கைப்பிரதியில் இருந்தால், அதை வெட்டிவிடுங்கள்.