பழைய சூப்பர் ஹீரோ சீரியல்களைத் திரையிடுபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் போன் செய்தார். "அண்ணே, ஞாயித்துக்கிழமை எங்க ஃபிலிம் கிளப்ல கேப்டன் மார்வெல் சீரியல். பன்னிரண்டு பாகமும் ஒரே நாள்ல ஓட்டப்போறோம், வந்துடுங்க." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் இதையேதான் செய்தேன். அதனால் இந்தப் பட்டியல். (சீரியல் என்றால் டிவி தொடர் இல்லை, அந்தக் காலத்தில் தியேட்டரில் வாரம் ஒரு பாகமாக ஓடிய படம்.) புரொஜெக்டர் ஒயரை மறந்துவிட்டு வருவது போன்றவற்றை உங்கள் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுகிறேன்.

எல்லாப் பாகங்களையும் ஒரே மூச்சில் ஓட்டுவது

ரிபப்ளிக் ஸ்டூடியோ 1941இல் எடுத்த கேப்டன் மார்வெல் சீரியல்தான் காமிக்ஸ் புத்தகத்து சூப்பர் ஹீரோ ஒருவர் நடிகர் உருவில் திரைக்கு வந்த முதல் படம். (இன்று ஷஸாம் என்ற பெயரில் உலவுகிறாரே, அவரேதான்.) மொத்தம் 216 நிமிடம். மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், நம் ஊர் ஆட்களுக்கு இதெல்லாம் ஒரு நேரமா என்று நினைத்தேன். நண்பரின் டுட்டோரியல் மாடியை வாடகைக்குப் பிடித்தேன். டீ, வடை சொன்னேன். நாற்பது பேர் வந்தார்கள்.

முதல் பாகம் முடிந்ததும் கைதட்டல். மூன்றாவதில் நெளிய ஆரம்பித்தார்கள். ஐந்தாவதில் சிரிப்பு. ஏழாவதில் கதாநாயகன் எப்படித் தப்பிப்பான் என்று பின்வரிசையிலிருந்து முன்கூட்டியே கத்தினார்கள், ஒவ்வொரு முறையும் அதுவே நடந்தது. கடைசி பாகத்துக்கு மிஞ்சியவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் மழை விடக் காத்திருந்தவர்கள். வாடகை, வடைக் கணக்கு எல்லாம் என் தலையில். பணம் போனது கூடப் பரவாயில்லை. நல்ல படத்தை நானே கெடுத்தேனே என்ற எரிச்சல் இன்னும் தீரவில்லை.

படம் அப்படி உட்கார்ந்து பார்க்க எடுத்ததே இல்லை. முதல் பாகம் அரை மணி நேரம், மற்றவை பதினேழு நிமிடம் போல. சனிக்கிழமை மேட்னியில் கார்ட்டூன், முழுநீளப் படம் எல்லாவற்றோடும் சேர்த்து வாரம் ஒரு பாகம். கார் பள்ளத்தில் உருண்டு தீப்பிடிக்கும், தொடரும். அடுத்த வாரம் அதே காட்சியை மறுபடி காட்டுவார்கள், நடுவில் மட்டும் புதிதாக ஒரு ஷாட் இருக்கும். அதில் ஆள் கதவைத் திறந்து குதித்திருப்பார். ஏழு நாள் பள்ளிக்கூடம் போய் வந்த பையனுக்கு அந்த ஷாட் போன வாரம் இல்லை என்று நினைவிருக்காது, அந்தத் தைரியத்தில்தான் எடுத்தார்கள். நீங்கள் அதை முப்பது விநாடி இடைவெளியில் காட்டினால் அப்பட்டமான பித்தலாட்டமாகத் தெரியும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை பைண்டு பண்ணி ஒரே இரவில் படித்தவர்களுக்கு இது புரியும். 'சென்ற இதழில்' என்ற பத்தியை எத்தனை முறை தாண்டியிருப்பீர்கள்!

இது அமெரிக்காவிலேயே நடந்த கூத்து. கொலம்பியா 1943இல் எடுத்த பேட்மேன் சீரியலின் பதினைந்து பாகங்களையும் 1965இல் ஒரே காட்சியாக, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள். அங்கே தெரிந்தே செய்தார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வந்து விழுந்து விழுந்து சிரிக்கட்டும் என்று. 1966 ஜனவரியில் டிவிக்கு வந்த பேட்மேன் முதல் நாளிலிருந்தே சிரிப்பாகத்தான் வந்தார். உங்களுக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டும் என்றால் தாராளமாக ஓட்டுங்கள். இல்லையென்றால் வாரம் ஒரு பாகம், வேறொரு படத்துக்கு முன்னால். பன்னிரண்டு வாரம். பொறுமை இல்லையா, ஒருநாளைக்கு இரண்டு பாகம், நடுவில் ஒரு முழுப்படம். அதற்கு மேல் வேண்டாம்.

பறக்கும் காட்சியைப் பேச்சால் மூடுவது

கேப்டன் மார்வெல் பறக்கும் நேரம் பார்த்து விளக்கம் சொல்லாதீர்கள். ஓடி வந்து எகிறுவது டேவ் ஷார்ப் என்ற ஸ்டண்ட் கலைஞர். வெட்டு. வானத்தில் போவது தந்திரக் காட்சிக்காரர்களான லைடெக்கர் சகோதரர்கள் செய்த, ஆளைவிடச் சற்றுப் பெரிய பொம்மை. கம்பியில் சரிந்து போகிறது, நிஜ வெயிலில், நிஜ மலைக்கு முன்னால். வெட்டு. வந்து இறங்கி நிற்பது கதாநாயகனாக நடித்த டாம் டைலர். மூன்று ஷாட், அவ்வளவுதான். அது பொம்மை என்று தெரிந்தும் எனக்கு இன்றைக்கும் உடம்பு ஒரு கணம் சிலிர்க்கும். ஏழு வருடம் கழித்து 1948இல் கொலம்பியா சூப்பர்மேன் எடுத்தபோது, தரையை விட்டுக் கிளம்பியதும் சூப்பர்மேனாக நடித்த கிர்க் ஆலின் கார்ட்டூன் படமாக மாறிவிடுவார். இரண்டையும் அடுத்தடுத்து ஒரு நிமிடம் காட்டுங்கள், கூட்டமே மிச்சத்தைப் பேசிக்கொள்ளும்.

காமிக்ஸை மடியில் வைத்துக்கொண்டு மார்க் போடுவது

1944 கேப்டன் அமெரிக்காவில் கேடயம் கிடையாது, துப்பாக்கிதான். காமிக்ஸில் அந்த முகமூடிக்குள் இருக்கும் ஸ்டீவ் ரோஜர்ஸும் இல்லை. கிராண்ட் கார்ட்னர் என்று ஒரு அரசு வக்கீல். கோபம் வரும், சரி. ஆனால் சரக்கு எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. பேட்மேனின் குகையும், கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கும் அதன் வழியும் 1943 சீரியலிலிருந்துதான் காமிக்ஸுக்குப் போயின. காமிக்ஸில் குண்டாக இருந்த, பேட்மேன் வீட்டு வேலைக்காரர் ஆல்ஃபிரெட்டும், சீரியலில் நடித்த வில்லியம் ஆஸ்டினைப் பார்த்து இளைத்துப்போனார்.

வண்ணம் பூசிய பிரதியை வாங்குவது

வேண்டாம். கறுப்பு வெள்ளையில் எடுபட வேண்டுமே என்று சூப்பர்மேன் உடையையே பழுப்பிலும் சாம்பலிலும்தான் தைத்தார்கள்.

டாக்டர் டாக்காவைப் பற்றி முன்கூட்டியே சொல்லாமல் விடுவது

1943 பேட்மேனின் வில்லன் ஜப்பானிய உளவாளி, நடித்தவர் ஜே. கேரல் நெய்ஷ் என்ற அமெரிக்கர். போர்க்காலப் படம் என்று தெரிந்திருந்தும், ஜப்பானிய அமெரிக்கர்களைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்ததை வர்ணனைக் குரல் பாராட்டும் இடம் வரும்போது ஹாலில் ஒரு மாதிரி ஆகிவிடும். ஆரம்பத்தில் இரண்டு வாக்கியம் சொல்லிவிடுங்கள். வெட்டிக் காட்டாதீர்கள்.

"அந்தக் கால ஹீரோக்கள் சாது" என்று அறிமுகம் கொடுப்பது

முதல் பாகத்திலேயே கேப்டன் மார்வெல் இயந்திரத் துப்பாக்கியைத் திருப்பி, ஓடுகிறவர்களின் முதுகில் சுடுவார். நான் "குழந்தைகளோடு வரலாம்" என்று நோட்டீஸ் அடித்திருந்தேன்.

ஸ்கார்ப்பியன் யார் என்று சொல்லிவிடுவது

ஸ்கார்ப்பியன்தான் கேப்டன் மார்வெல் சீரியலின் வில்லன், முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று பன்னிரண்டாம் பாகம் வரை தெரியாது. நான் டீ இடைவேளையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒருவர் வடையைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். இன்றுவரை பேசவில்லை.