‘அதிசயப் பொருள்’ செய்தி வந்தால் எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

2023 ஜூலை கடைசியில் ஒரு வீடியோ எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது நினைவிருக்கலாம். காந்தத்தின் மேல் ஒரு சின்னக் கறுப்புத் துண்டு, ஒரு ஓரம் காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்க மறு ஓரம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். எல்கே-99 என்று பெயர், சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாத மீகடத்தி, இனி உலகமே வேறு என்றார்கள். நானும் நாலு பேருக்கு அனுப்பிவைத்தேன், சில வாரங்களில் எல்லாம் அடங்கிப்போனது. அதிலிருந்து இப்படிச் செய்தி வந்தால் தலைப்பை விட்டுவிட்டு நேராக ஆய்வுக் கட்டுரையின் படங்களுக்குப் போய்விடுகிறேன். இதற்கு வேதியியல் பட்டமெல்லாம் வேண்டாம், எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் கட்டுரையைத் தேடிப் பிடியுங்கள். செய்தியில் இணைப்பு இல்லாவிட்டால் ஆய்வாளர்கள் இதழில் வருமுன்பே தங்கள் கட்டுரைகளைப் போட்டுவைக்கும் ஆர்க்சைவ் (arXiv) தளத்தில் பொருளின் பெயரைப் போட்டுப் பாருங்கள், பல நேரம் இலவசமாகவே கிடைக்கும். அங்கே மட்டும்தான் இருக்கிறது என்றால் துறையில் வேறு யாரும் இன்னும் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய இதழில் வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அதுவும் இல்லை. அறை வெப்பநிலை மீகடத்தி என்று 2020-இல் ஒன்றும் 2023-இல் ஒன்றுமாக ஒரே ஆய்வுக்குழுவின் இரண்டு கட்டுரைகளை நேச்சர் வெளியிட்டது, பிறகு இரண்டையுமே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அறிவிப்பு கட்டுரைப் பக்கத்தின் தலையிலேயே இருக்கும், ஆனால் பழைய செய்தியைப் பகிர்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை.

சரி, வரைபடம். கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் அச்சைப் பாருங்கள். மின்தடை பூச்சியமாகிவிட்டது என்று காட்டும் படத்தில் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு? அச்சின் அளவு மில்லி ஓம் சென்டிமீட்டரில் இருந்தால் வெறும் செம்புக் கம்பியை அளந்தாலும் பூச்சியத்தில்தான் படுத்திருக்கும், ஏனென்றால் செம்பின் மின்தடைத்திறன் 1.7 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர், அந்த அளவுகோலில் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் பத்து மடங்காகும் மடக்கை அளவில் வரைந்திருந்தால் கொஞ்சம் நம்பலாம்.

அடுத்து, கோடு எந்த வெப்பநிலையில் திடீரென்று இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அதே இடத்தில் வேறு ஏதாவது சாதாரணப் பொருள் இதே வேலையைச் செய்யுமா என்று கேளுங்கள். எல்கே-99 மாட்டிக்கொண்டது இங்கேதான். ஈயமும் பாஸ்பேட்டும் செம்பும் சேர்ந்த அந்தப் பொருளைச் சுட்டெடுக்கும்போது செம்பு சல்ஃபைடும் கூடவே உண்டாகிவிடுகிறது. 104 டிகிரி செல்சியஸ் வாக்கில் செம்பு சல்ஃபைடு தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், அப்போது அதன் மின்தடையும் தடாலென்று மாறும், இது பழைய பாடம். கட்டுரையின் கோடு இறங்கியதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்! அப்புறம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கலப்பில்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்தார்கள். ஒளி ஊடுருவும் ஊதா நிறப் படிகம் வந்தது, மின்தடையோ மில்லியன் கணக்கான ஓம். மீகடத்தியாவது ஒன்றாவது, அது மின்சாரத்தையே விடாத காப்பான்.

சூரிய மின்கலச் செய்தி என்றால் கேள்வி வேறு: எவ்வளவு பெரியது, எவ்வளவு நாள்? பெரோவ்ஸ்கைட் என்ற படிகவகை நிஜமாகவே சாதித்த பொருள்தான், வெயிலை மின்சாரமாக மாற்றும் அதன் திறன் 2009-இல் 3.8 சதவீதத்தில் தொடங்கியது இன்று சிலிக்கான் மேல் அடுக்கி வைத்தால் 34 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனால் அந்தச் சாதனை அளவுகள் பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவிலான துண்டில் எடுத்தவை. கட்டுரையில் பரப்பளவைத் தேடுங்கள். பிறகு 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்ற சோதனையைச் செய்தார்களா என்று பாருங்கள். ஈரமும் சூடும்தான் பெரோவ்ஸ்கைட்டுக்கு எமன்.

பேட்டரி என்றால் ‘பத்து மடங்கு’ என்று போடுவார்கள். எதில் பத்து மடங்கு? கிராபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி, சிலிக்கான் சுமார் 3,600, கணக்கு சரிதான். ஆனால் அது ஒரு மின்முனையில் உள்ள பொருளுக்கு மட்டும், முழு பேட்டரிக்கு அல்ல. அதோடு லித்தியத்தை உள்வாங்கும் சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் ஊதிப்போய் நொறுங்குகிறது, அந்த நொறுங்கலை அடக்குவதற்குத்தான் இத்தனை வருட ஆராய்ச்சியும். ‘99.9 சதவீதத் திறன்’ (ஏற்றிய மின்னூட்டத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) என்ற வரியைப் பார்த்தால் கால்குலேட்டரை எடுங்கள். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் லித்தியத்தில் 0.1 சதவீதம் வீணாகிறது, கையிருப்பில் உபரி இல்லை என்றால் 0.999-ஐ ஆயிரம் முறை பெருக்கிப் பாருங்கள், 0.37-தான் மிஞ்சும். 99.99 என்றால் 0.90. அந்தக் கடைசி ஒன்பதுக்காக ஒரு கட்டுரை எழுதினாலும் தகும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்த பொருட்களின் காலம். 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிகங்களைக் கணித்ததாகவும், அதில் சுமார் 3,80,000 நிலையானவை என்றும் அறிவித்தது. இவை கணிப்புகள், ஒவ்வொன்றையும் யாராவது உலையில் வைத்து எடுத்தால்தான் பொருள். அதே சமயத்தில் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள ஒரு தானியங்கி ஆய்வகம் 17 நாளில் 41 புதிய சேர்மங்களைத் தயாரித்ததாகச் சொன்னது. வேறு வேதியியலாளர்கள் அந்தத் தரவைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதில் புதியது எதுவுமே இல்லை என்றார்கள். கணினி ஒவ்வொரு அணுவுக்கும் தனி நாற்காலி போட்டு உட்காரவைக்கிறது, உலையிலோ இரண்டு உலோகங்கள் இடம் மாறி மாறி உட்கார்ந்துகொள்ளும், அப்படிக் கலைந்து உட்கார்ந்த சேர்மம் பல நேரம் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கும்.

இதை நீங்களும் ஓரளவு சரிபார்க்கலாம். பொருளில் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும் எக்ஸ் கதிர் வரைபடத்தில் அளந்தது புள்ளிகளாகவும் கணக்கிட்டது கோடாகவும் இருக்கும், அடியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தனிக் கோடாக ஓடும். அந்த அடிக்கோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடந்தால் சொன்ன பொருளும் தயாரித்த பொருளும் ஒத்துப்போகின்றன. சிகரம் வரும் இடமெல்லாம் அதுவும் துள்ளினால் அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பவேண்டாம்.