ஷேவிங் சோப்பிலிருந்து கிரீமுக்கு: தண்ணீர்க் கணக்கை மாற்றுங்கள்

ஷேவிங் சோப்பில் அருமையாக நுரை எடுக்கத் தெரிந்தவர்கள்கூட கிரீமுக்கு மாறியதும் திணறுகிறார்கள். "நுரை மலை மாதிரி வருது, ஆனா ரேசர் வழுக்க மாட்டேங்குது" என்பதுதான் அவர்களின் புகார். நானும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு வழி கிடைத்தது தண்ணீர் விடும் முறையை மாற்றியபோதுதான். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியே இருக்கும். ரேசரைப் பிடிப்பது, முடி வளரும் திசையில் முதலில் இழுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். சோப்பும் கிரீமும் அடிப்படையில் ஒரே சரக்குதான். ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களைக் காரத்தோடு சேர்த்துத்தான் இரண்டையும் செய்கிறார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்தால் கட்டியாக இறுகும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்ந்தால் குழைவாக நிற்கும், தண்ணீரில் சட்டென்று கரையும். ஷேவிங் சோப்பில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். கிரீமில் பொட்டாசியம்தான் பிரதானம், கூடவே நிறைய தண்ணீரும் கொஞ்சம் கிளிசரினும். அதனால்தான் சோப்பில் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்துச் சரக்கெடுக்கும் வேலை கிரீமில் கிடையாது.

படி 1: சரியான கிரீமை எடுங்கள்

டியூபிலோ டப்பாவிலோ வரும், பிரஷ்ஷால் நுரைக்கும் வகைதான் நமக்கு வேண்டும். 'பிரஷ்லெஸ்' என்று அச்சிட்டிருந்தால் அது வேறு சாமான். எவ்வளவு சுழற்றினாலும் நுரைக்காது, பிரஷ் முடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். கேனில் அழுத்தினால் வரும் நுரையும் இந்தக் கணக்கில் சேராது. சந்தேகமாக இருந்தால் பின்பக்கம் பொருள் பட்டியலைப் பாருங்கள். அதிக அளவில் இருப்பதைத்தான் முதலில் எழுதுவார்கள். தண்ணீர், ஸ்டியரிக் ஆசிட் இரண்டும் முதல் வரிசையிலும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அதற்குப் பக்கத்திலும் இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

சோப்பையும் கிரீமையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இத்தாலியின் புரோராசோ பிராண்ட் வசதி. ஒரே வாசனை டியூப் கிரீமாகவும் கிடைக்கிறது, கிண்ணச் சோப்பாகவும் கிடைக்கிறது. பச்சை நிற வகையில் மெந்தாலும் யூகலிப்டஸ் எண்ணெயும் உண்டு, முகம் ஜில்லென்று ஆகும். எரிச்சல் வரும் தோலுக்கு ஓட்ஸ், கிரீன் டீ சேர்த்த வெள்ளை வகையே மேல். வாசனைத் திரவியம் ஒத்துக்கொள்ளாதவர்கள் எந்தக் கிரீமானாலும் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்கள்.

டியூபா, டப்பாவா? என் ஓட்டு டியூபுக்கே. அளவு கையில் நிற்கும், ஈர பிரஷ்ஷை உள்ளே விட வேண்டியதில்லை. டப்பா வாங்கினால் காய்ந்த சின்னக் கரண்டியால் எடுங்கள்.

படி 2: பிரஷ்

கிரீமுக்கு சிந்தெடிக் (செயற்கை முடி) பிரஷ்தான். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. முடி தண்ணீரைக் குடிக்காது, ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், கிரீமை உள்ளே பதுக்காமல் முகத்துக்குக் கொடுத்துவிடும். பன்றி முடி பிரஷ் கெட்டிச் சோப்பிலிருந்து சரக்கெடுக்கச் சிறந்தது, ஆனால் கிரீமுக்கு அந்த விறைப்பு தேவைப்படாது. பேட்ஜர் என்ற விலங்கின் முடியால் செய்த பிரஷ் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது ஏகப்பட்ட தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

முகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைக்காமல் ஓரிரண்டு நிமிடம் ஈரமாகவே விடுங்கள். தண்ணீர் ஏறிய முடிதான் சுலபமாக வெட்டுப்படும். கொதிக்கும் சூடு வேண்டாம், தோலும் வறளும், நுரையும் சீக்கிரம் காயும்.

படி 3: நுரை (இங்கே நிதானம் வேண்டும்)

சோப்பில் நுரை மெதுவாகத்தான் எழும். அது எழுந்து பொங்குவதற்குள் போதுமான தண்ணீர் உள்ளே போயிருக்கும். கிரீம் அப்படியல்ல. சில வினாடிகளிலேயே கிண்ணம் நிறைந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் காற்றுதான், தண்ணீர் இல்லை. அங்கேயே நிறுத்தி முகத்தில் பூசினால் ரேசர் இழுத்துப் பிடிக்கும், பாதி கன்னம் முடிவதற்குள் நுரை காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். உடனே 'கிரீம் போதவில்லை' என்று இன்னும் கொஞ்சம் பிதுக்கத் தோன்றும். பிதுக்காதீர்கள். கேட்பது தண்ணீர்.

ஆனால் ஆரம்பத்திலேயே தண்ணீரைக் கொட்டினாலும் கெட்டது. பெரிய பெரிய குமிழ்களாகி வழியும். கிரீமுக்கு விதி இதுதான்: தொடக்கத்தில் வறட்சி, முடிவில் ஈரம்.

இதைக் கிண்ணத்தில் செய்து பழகுங்கள், கண்ணால் பார்க்க முடியும். பிரஷ்ஷை நனைத்து நன்றாகப் பிழியுங்கள், சொட்டக் கூடாது. டியூபிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் நீளம் கிரீமைக் கிண்ணத்தில் பிதுக்கி, பிரஷ்ஷால் சுழற்றுங்கள். சீக்கிரமே கிண்ணத்தின் சுவரில் அப்பிக்கொள்ளும் கெட்டியான பசையாகும். மேலே பளபளப்பே இருக்காது. இப்போது அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி சுழற்றுங்கள். ஒரு மினுக்கு வரும். வந்துவிட்டதே என்று நிறுத்தாமல் தொடர்ந்து சுழற்றினால் அந்த மினுக்கு மறைந்து மறுபடி மங்கும். விட்ட தண்ணீரை நுரை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். மறுபடி அரைத் தேக்கரண்டி. மினுக்கு, மங்கல், மறுபடி தண்ணீர். இப்படியே மூன்று நான்கு சுற்று போனபின் ஒரு கட்டத்தில் எவ்வளவு சுழற்றினாலும் மினுக்கு மறையாது. சற்று முன் பூசிய பெயின்ட் மாதிரி ஈரப் பளபளப்போடு, கண்ணுக்குக் குமிழே தெரியாமல் நிற்கும். அதுதான் நுரை. முதலில் இருந்ததைவிட அளவில் கொஞ்சம் அமுங்கியும் இருக்கும், பயப்பட வேண்டாம்.

உறுதி செய்ய, கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். விரல்கள் பிடிமானமில்லாமல் வழுக்க வேண்டும். ஒட்டினால் இன்னும் தண்ணீர் வேண்டும். ஒருவேளை தண்ணீர் கூடிப்போய்க் குமிழ் கிளம்பினால், பிரஷ் நுனியில் துளி கிரீம் எடுத்து நிதானமாகச் சுழற்றினால் பெரும்பாலும் தேறிவிடும்.

கை பழகியபின் கிண்ணமே தேவையில்லை. ஈர முகத்தில் நேரடியாகப் பூசி, பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சுழற்றலாம்.

படி 4: ஒப்பிட்டுப் பார்ப்பது

பிளேடு, ரேசர் இரண்டையும் மாற்றாதீர்கள். ஒரு கன்னத்துக்குச் சோப், மறு கன்னத்துக்குக் கிரீம். அடுத்த ஷேவுக்குக் கன்னங்களை மாற்றுங்கள், ஏனென்றால் நமக்கெல்லாம் ஒரு பக்கம் கை லாகவமாகப் போகும். ரேசர் ஓடும்போது உள்ள வழுக்கலை மட்டும் பார்க்காமல், ஓடிய இடத்தை ஈர விரலால் தொட்டும் பாருங்கள். நல்ல சோப் அந்த இடத்தில் விட்டுச்செல்லும் வழுவழுப்பை எல்லாக் கிரீமும் தருவதில்லை. அதனால் கிரீம் பயன்படுத்தும்போது நுரை போன இடத்தில் வெறும் ரேசரை ஓட்டாதீர்கள், பிரஷ்ஷால் மறுபடி ஒரு பூச்சு பூசிவிட்டு ஓட்டுங்கள். அவசரக் காலைக்கு நான் கிரீம் பக்கம். நிதானமாக ஷேவ் செய்யும் நாளில் இன்றும் சோப்பைத்தான் எடுக்கிறேன்.

பிற்சேர்க்கை

இந்தக் குறிப்பைப் படித்தவர்கள் சிலர், சொன்னபடி செய்தும் நுரை முகத்தில் பூசியதும் படுத்துவிடுகிறது என்றார்கள். விசாரித்தால் வீட்டில் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகிவிடும், நுரைக்கு மிஞ்சுவது குறைவு. ஒருமுறை அரை டம்ளர் சுத்திகரித்த குடிதண்ணீரில் நுரை எடுத்துப் பாருங்கள். அதில் நன்றாக நின்றால் குற்றவாளி உங்கள் குழாய்தான். பிறகு நுரைக்கு மட்டும் அந்தத் தண்ணீரையே வைத்துக்கொள்ளலாம், அல்லது கிரீமைக் கொஞ்சம் கூட்டலாம். இதே உப்பு பிரஷ்ஷின் அடியிலும் வெள்ளையாகப் படியும். நிறைய தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து சில நிமிடம் முக்கி, நன்றாக அலசிக் காயவையுங்கள்.

இன்னொருவர், டியூபைத் திறந்ததும் முதலில் தண்ணீராக ஒழுகுகிறது, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். வெயிலில் கிடந்த கிரீம் சில சமயம் இப்படிப் பிரியும். மூடியைப் போட்டு டியூபை மேலும் கீழும் நன்றாகப் பிசைந்துவிட்டு மறுபடி பிதுக்கிப் பாருங்கள். வாசனையும் நிறமும் மாறாமல், சீராகக் குழைந்து வந்தால் பயன்படுத்தலாம். வாடை மாறியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.