கியூஜிஐஎஸ் புதுசாத் தொடங்கிறவைக்கு: லேயர், வெக்டர், ராஸ்டர், பிறகு அந்த சிஆர்எஸ்

எங்கட ஊர்க் குளத்தையும் அதுக்குக் கீழ வாற வயல் காணியளையும் மப்பில கீறி வைக்கோணும் எண்டு போன சிறுபோகத்துக்கு முதல் தொடங்கினன். இரணைமடு மாதிரிப் பெரிய குளம் எண்டா எந்த மப்பிலயும் இருக்கும், வன்னிக்குள்ள இருக்கிற சின்னக் குளங்கள் கன இடத்தில பேரில்லாமத்தான் கிடக்கு, அதை நாங்கள்தான் போடோணும்.

மப்புக் கீறிற சொஃப்ட்வெயார் கியூஜிஐஎஸ். காசில்லை. ரெண்டு வேர்ஷன் காட்டும், லோங் டேர்ம் ரிலீஸ் எண்டதையே எடுங்கோ. இன்ஸ்டோல் பண்றது உங்களுக்குத் தெரியும்தானே.

முதல்ல லேயர். ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிற தாள் மாதிரி, குளத்துக்கு ஒண்டு, றோட்டுக்கு ஒண்டு. அதில வெக்டர் எண்டா நாங்கள் கீறிறது: கிணறு, மதகு எல்லாம் பொயிண்ட், வாய்க்கால் லைன், குளமும் வயலும் பொலிகன். ராஸ்டர் எண்டா படம், சின்னச் சின்னச் சதுரமா இருக்கும். சென்டினல் 2 சட்டலைட் படத்தில ஒரு சதுரம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அப்ப ஒரு ஏக்கருக்கு 40 சதுரம்தான் வரும், அதில போய் வாய்க்கால் தேடாதேங்கோ. கீறின ஒவ்வொண்டுக்கும் பேர், ஏக்கர், ஆர் செய்யினம் எண்டு எழுதிற அட்டவணைதான் அட்ரிபியூட் டேபிள்.

இனி சிஆர்எஸ், அதாவது பூமியில ஒரு இடத்தை எந்தக் கணக்கில எண்ணாச் சொல்லுறம் எண்டது. இதில நான் ரெண்டு நாள் நிண்டனான், அதால ஆறுதலா வாசியுங்கோ.

ஃபோன் ஜிபிஎஸ் தாறது 9.3, 80.4 மாதிரி பாகைக் கணக்கு, அதுக்குப் பேர் டபிள்யூஜிஎஸ் 84, நம்பர் ஈபிஎஸ்ஜி 4326. இலங்கைக்கெண்டு மீட்டர்ல இருக்கிறது ஸ்ரீலங்கா கிரிட் 1999, ஈபிஎஸ்ஜி 5235. அதில பிதுருதலாகலை மலையில கிழக்கு 500000, வடக்கு 500000 எண்டு வைச்சு அங்கயிருந்து எண்ணிக்கொண்டு வருது, கிளிநொச்சி ரவுண் கிழக்கு 460000, வடக்கு 763000 கிட்ட வரும்.

நான் குளத்தைச் சுத்தி 50 மீட்டருக்கு பஃபர், அதாவது கரையில இருந்து அவ்வளவு தூரத்துக்கு ஒரு வளையம், போட வெளிக்கிட்டு 50 எண்டு அடிச்சன், லேயர் 4326இல இருந்தபடியா அது 50 பாகை எண்டு எடுத்து இந்தியா முழுக்க மூடிப்போட்டுது. சரி மீட்டருக்கு மாத்துவம் எண்டு ரைட் கிளிக் பண்ணி செட் லேயர் சிஆர்எஸ்ஸில 5235 குடுத்தன், குளம் மாலைதீவுக்குக் கிழக்க கடலுக்குள்ள போட்டுது! ஏனெண்டா அது பேரை மட்டும்தான் மாத்தும், உள்ளுக்க இருக்கிற எண் அப்பிடியே கிடக்கும். நெல்லுச் சாக்கில அரிசி எண்டு எழுதினா நெல்லு அரிசியாகாது, மில்லுக்குக் கொண்டுபோகத்தான் வேணும். அந்த மில்லுதான் இது: லேயரில ரைட் கிளிக், எக்ஸ்போர்ட், சேவ் ஃபீச்சர்ஸ் அஸ், அதில சிஆர்எஸ் 5235 தெரிவுசெய்து புதுப் ஃபைலா சேவ் பண்ணுங்கோ. பிறகு அந்தப் புது லேயரில பஃபர் போடுங்கோ, 50 எண்டா 50 மீட்டர்தான்.

வலப்பக்கம் கீழ தெரியிற நம்பர் புரொஜெக்ட் சிஆர்எஸ், காட்டிற விதம் மட்டும்தான் அதால மாறும், லேயரை அது தொடாது.

சேவ் பண்ணேக்க ஷேப்ஃபைல் வேண்டாம், ஜியோபக்கேஜ் எடுங்கோ, அது எல்லாம் ஒரே ஃபைலுக்க இருக்கும். ஷேப்ஃபைல் எண்டா ஒண்டில்லை, எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே எண்டு கூட்டமா வரும், வாட்ஸப்பில ஒண்டை மட்டும் அனுப்பினா மற்ற ஆளுக்குத் திறக்காது. ஷேப்ஃபைலில அட்டவணையின்ர கொலம் (நிரல்) ஒண்டின்ர பேருக்கும் 10 பைட்தான் இடம், தமிழில மூண்டு எழுத்தோட முடிஞ்சிடும்.

பிறகு சேர்த்தது: ஃபோன்ல எடுத்த பொயிண்டுகளை சிஎஸ்வியா (கொமா போட்டுப் பிரிச்ச அட்டவணை ஃபைல்) ஏத்தினா ஒண்டும் தெரியேல்ல எண்டு ரெண்டு பேர் கேட்டவை. எக்ஸுக்கு லோங்கிடியூட் 80.4, வைக்கு லட்டிடியூட் 9.3. வாயால சொல்லேக்க லட்டிடியூட்டை முதல் சொல்லிப் பழகினபடியா மாறிப் போடுப்படுது, அப்ப பொயிண்ட் எல்லாம் வடதுருவத்துப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுக்குக் கிட்டக் கடலில நிக்கும். லேயரில ரைட் கிளிக் பண்ணி சூம் டு லேயர் அமத்துங்கோ, எங்க நிக்குதெண்டு உடன காட்டும்.