சிங்கப்பூரில் மது வாங்கும்போது காசைக் கரைக்கும் தவறுகள்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர்கள் பேரங்காடியில் பாட்டில் விலையைப் பார்த்ததும் கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்றுதான் முதலில் நினைக்கிறார்கள். விலையில் பெரும்பங்கு வரி. அந்த வரி எப்படிக் கணக்காகிறது என்பது தெரியாததால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அதனால் கணக்கை முதலில் பார்த்துவிடலாம்.

விஸ்கி, பிராந்தி, வோட்கா, வைன் எல்லாவற்றுக்கும் கலால் தீர்வை ஒன்றுதான்: பாட்டிலுக்குள் இருக்கும் தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பீருக்கு அதே அளவுக்குக் கலால் 60 வெள்ளி, சுங்கத் தீர்வை 16 வெள்ளி, ஆக 76. பாட்டிலின் அளவை லிட்டரில் எடுத்து, லேபிளில் உள்ள ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, பிறகு 88-ஆல் (பீர் என்றால் 76-ஆல்) பெருக்கினால் தீர்வை வந்துவிடும். 700 மில்லி, 40 சதவீத விஸ்கிக்கு 24 வெள்ளி 64 காசு. 750 மில்லி, 14 சதவீத வைனுக்கு 9 வெள்ளி 24 காசு. 330 மில்லி, 5 சதவீத பீர் ஒரு கேனுக்கு ஏறத்தாழ 1 வெள்ளி 25 காசு. 24 கேன் கொண்ட ஒரு பெட்டியில் தீர்வை மட்டும் 30 வெள்ளி. இதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. அது சரக்கின் விலை மீது மட்டுமல்ல, தீர்வையையும் சேர்த்த தொகை மீது விழுகிறது.

இந்தக் கணக்கில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பாட்டில் மலிவானதா, உயர்ந்ததா என்று தீர்வை பார்ப்பதில்லை. ஆல்கஹாலின் அளவை மட்டுமே பார்க்கிறது.

இருப்பதிலேயே மலிவான வைனை எடுப்பது

ஆக மலிவான வைன்தான் சிக்கனம் என்று தோன்றும். 20 வெள்ளி விலை போட்ட 14 சதவீத வைன் பாட்டிலைப் பிரித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி 1 வெள்ளி 65 காசு, தீர்வை 9 வெள்ளி 24 காசு. மிச்சம் 9 வெள்ளி 11 காசு. திராட்சை, பாட்டில், கப்பல் கூலி, இறக்குமதியாளர் லாபம், கடை வாடகை எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். உள்ளே இருக்கும் வைனுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். 40 வெள்ளி பாட்டிலில் ஜிஎஸ்டி 3 வெள்ளி 30 காசு, தீர்வை அதே 9 வெள்ளி 24 காசு. மிச்சம் 27 வெள்ளி 46 காசு. விலை இரண்டு மடங்குதான், வைனுக்குப் போகும் பணம் மூன்று மடங்கு. வாரம் இரண்டு மலிவு பாட்டில் வாங்குகிறவர், வாரம் ஒரு நல்ல பாட்டில் வாங்கினால் செலவு அதேதான், கிடைப்பது வேறு தரம். சிங்கப்பூரில் வைன் வாங்கும் எல்லாருக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

விலைச் சீட்டை மட்டும் ஒப்பிடுவதும் இதோடு சேர்ந்த தவறு. ஒரே விஸ்கி 700 மில்லி, 750 மில்லி, 1 லிட்டர் என்று மூன்று அளவில் விற்கும். ஒரு சந்தைக்கு 40 சதவீதத்திலும் இன்னொன்றுக்கு 43 சதவீதத்திலும் அடைத்திருப்பார்கள். 55 வெள்ளிக்கு 700 மில்லி என்றால் லிட்டர் 78 வெள்ளி 57 காசு. பக்கத்தில் 72 வெள்ளி போட்ட 1 லிட்டர் பாட்டில்தான் மலிவு. விமான நிலையத்துக்கென்றே தனிப் பெயரில் வரும் பாட்டில்களுக்கு வெளியே ஒப்பிட ஜோடியே இருக்காது. அதில் ஒட்டியிருக்கும் தள்ளுபடியை நம்பி எடுக்காதீர்கள்.

இரண்டு லிட்டர் சலுகையைத் தப்பாகப் புரிந்துகொள்வது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணி வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவுதான் இந்தச் சலுகை. 2019 ஏப்ரல் 1 முதல் அது மொத்தம் 2 லிட்டர். அதற்கு முன் 3 லிட்டர் இருந்தது. ஊரிலுள்ள பழைய ஆட்கள் இன்னும் மூன்று என்றே சொல்வார்கள். அந்த 2 லிட்டரையும் இஷ்டப்படி நிரப்ப முடியாது. ஸ்பிரிட் (விஸ்கி, பிராந்தி, வோட்கா போன்ற வடித்த மது) 1 லிட்டரும் வைன் 1 லிட்டரும், அல்லது ஸ்பிரிட் 1 லிட்டரும் பீர் 1 லிட்டரும், அல்லது வைன் 1 லிட்டரும் பீர் 1 லிட்டரும், அல்லது வைன் மட்டும் 2 லிட்டர், அல்லது பீர் மட்டும் 2 லிட்டர். ஸ்பிரிட் 2 லிட்டர் என்ற வழியே கிடையாது. 1 லிட்டர் விஸ்கி இரண்டு பாட்டில் எடுத்தால் ஒன்றுக்கு வரி கட்டியே ஆகவேண்டும்.

750 மில்லி வைன் இரண்டு பாட்டிலும் 1 லிட்டர் விஸ்கியும் எடுத்து வருவது வழக்கமான பிழை. வைன் 1.5 லிட்டர் ஆகிவிடுகிறது, அதாவது அரை லிட்டர் அதிகம். கொரிய மதுவான சோஜூவின் சதவீதம் குறைவு என்பதால் அதை வைனோடு சேர்த்து எண்ணுகிறார்கள். அது வடித்த மது, ஸ்பிரிட் கணக்கில்தான் வரும்.

அளவு சரியாக இருந்தாலும் நிபந்தனைகள் உண்டு, அத்தனையும் பொருந்த வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். திரும்புவதற்கு முன் தொடர்ச்சியாக 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வரக்கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்குக் காலையில் படகில் போய் மாலையில் திரும்புகிறவருக்குச் சலுகை இல்லை. சனிக்கிழமை காலை போய் ஞாயிறு இரவு திரும்பினாலும் இல்லை, ஏனென்றால் 48 மணி நேரம் ஆகவில்லை. மலேசியாவின் ஜோகூர் பாருவில் ஒரு மாதம் தங்கிவிட்டு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாக வந்தாலும் ஒரு கேன் பீருக்குக்கூடச் சலுகை கிடையாது. லங்காவி தீர்வையில்லாத் தீவு என்பதால் அங்கே வாங்கியதற்கு விலக்கு உண்டு என்று நினைக்க வேண்டாம், அதுவும் மலேசியாதான். வெளிநாட்டில் வாங்கியதும் சாங்கி விமான நிலைய வருகைக் கூடத்தில் வாங்கியதும் ஒரே கணக்கில் சேரும். நண்பருக்காக அவர் பங்கை நீங்கள் எடுத்து வர முடியாது.

தகுதி இருக்கிறது என்றால், எதை எடுப்பது? 1 லிட்டர் 40 சதவீத ஸ்பிரிட்டில் மிச்சமாகும் தீர்வை 35 வெள்ளி 20 காசு. 1 லிட்டர் 13 சதவீத வைனில் 11 வெள்ளி 44 காசு. 1 லிட்டர் 5 சதவீத பீரில் 3 வெள்ளி 80 காசு. ஸ்பிரிட்டும் வைனும் சேர்ந்த வழிதான் அதிகம் மிச்சப்படுத்தும். பீரைச் சுமந்து வருவது வீண். ஸ்பிரிட்டை 1 லிட்டர் பாட்டிலாகவே எடுங்கள். 700 மில்லி எடுத்தால் 300 மில்லிக்கான சலுகை கையைவிட்டுப் போகிறது.

விமான நிலையக் கடைதான் மலிவு என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானில் 40 சதவீத விஸ்கி ஒரு லிட்டருக்கு மதுவரி 400 யென் மட்டுமே. அங்கே ஊருக்குள் இருக்கும் பேரங்காடி விலை விமான நிலைய விலையைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம். அங்கேயே வாங்கி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். 24 முதல் 70 சதவீதம் வரையுள்ள மது ஆளுக்கு 5 லிட்டர் வரை, கடையில் வாங்கிய மூடியோடு, விமானத்தில் அனுமதி. 70-க்கு மேல் என்றால் ஏற்றவே மாட்டார்கள். இது விமானப் பாதுகாப்பு விதி. சுங்கச் சலுகையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வரி கட்டப் பயந்து பச்சைத் தடத்தில் நடப்பது

அளவுக்கு மேல் கொண்டுவருவது குற்றமல்ல, சொல்லாமல் கொண்டுவருவதுதான் குற்றம். பச்சைத் தடம் அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கு, சிவப்புத் தடம் அறிவிக்க இருப்பவர்களுக்கு. சிவப்புத் தடத்துக்குப் போய் அறிவித்து வரியைக் கட்டலாம், அல்லது சுங்கத் துறையின் இணையச் செயலியில் முன்கூட்டியே கட்டிவிட்டு வரலாம். 10 லிட்டரைத் தாண்டினால்தான் தனியாக அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். ஏய்த்தால் அபராதம், ஏய்த்த தீர்வையும் ஜிஎஸ்டியும் சேர்ந்த தொகையின் 20 மடங்கு வரை போகலாம். இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு.

உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்? 50 வெள்ளிக்கு வாங்கிய 1 லிட்டர், 43 சதவீத விஸ்கி ஒன்று அதிகமாக இருக்கிறது என்று வையுங்கள். தீர்வை 37 வெள்ளி 84 காசு. இரண்டையும் கூட்டிய 87 வெள்ளி 84 காசின் மீது ஜிஎஸ்டி 7 வெள்ளி 91 காசு. மொத்த வரி 45 வெள்ளி 75 காசு, பாட்டில் அடக்கம் 95 வெள்ளி 75 காசு. அதே பாட்டில் இங்கே 90 வெள்ளிக்குக் கிடைத்தால் சுமந்து வந்ததே நஷ்டம். 130 வெள்ளி என்றால் லாபம். 200 வெள்ளி பாட்டிலுக்கும் தீர்வை அதே 37 வெள்ளி 84 காசுதான், ஜிஎஸ்டி மட்டுமே கூடும். ஆகவே வரி கட்டிக் கொண்டுவருவதாக இருந்தால் விலை உயர்ந்த பாட்டிலைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் பெட்டியாக வரவழைப்பது

அஞ்சலிலோ கூரியரிலோ 400 வெள்ளிக்குள் வரும் பொருள்களுக்கான இறக்குமதி விலக்கு மதுவுக்குப் பொருந்தாது. முதல் பாட்டிலுக்கே வரி உண்டு. தளத்தில் 15 வெள்ளி போட்ட 13 சதவீத வைன் 12 பாட்டில், அனுப்பும் கூலி 120 வெள்ளி என்று வைத்துக்கொண்டால்: சரக்கு 180, கூலி 120, தீர்வை 102 வெள்ளி 96 காசு, ஜிஎஸ்டி 36 வெள்ளி 27 காசு. பாட்டிலுக்கு 36 வெள்ளி 60 காசு ஆகிறது. அந்த விலைக்கு உள்ளூரிலேயே நல்ல வைன் கிடைக்கும். பெட்டியாக வேண்டுமென்றால் வரியோடு விலை சொல்லி, வீட்டுக்கே கொண்டுவந்து தரும் உள்ளூர் இறக்குமதியாளரிடம் வாங்குங்கள்.

சமூக ஊடகக் குழுக்களில் பாதி விலைக்கு வரும் சரக்கைத் தொடவே கூடாது. முன்னே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 1 லிட்டர் விஸ்கியை 35 வெள்ளிக்குக் கொடுக்கிறார் என்றால் தீர்வையே அந்த அளவு வருகிறது. வரி கட்டாத சரக்கு அது, அல்லது போலி. வரி கட்டாத மதுவை வாங்குவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம், விற்றவரோடு நின்றுவிடாது. சலுகையில் கொண்டுவந்த பாட்டிலை அறை நண்பர்களுக்கு விற்பதும் அப்படித்தான்.

இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடைகளில் மது விற்பனை கிடையாது, அந்த நேரத்தில் பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. அடுக்குமாடியின் கீழ்த்தளமும் பொது இடமே. முதல் முறைக்கு அபராதம் 1,000 வெள்ளி வரை. தேக்கா, கேலாங் பகுதிகளில் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் விதி இன்னும் கடுமை.

மலிவாக வாங்கியதை வெப்பத்தில் கெடுப்பது

தள்ளுபடியில் வாங்கிய வைனைச் சமையலறை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால், பகலில் 30 பாகையைத் தாண்டும் வெப்பத்தில் அதன் மணமும் சுவையும் போய்விடும். குளிர்வசதி இல்லையென்றால் இரண்டு மூன்று வாரத்தில் குடித்து முடிக்கும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். விஸ்கி தாங்கும். ஆனால் தக்கை போட்ட விஸ்கி பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் வீரியமான மது தக்கையை அரித்துவிடும். வைன் தக்கைக்கு நேர் எதிர், அது நனைந்திருக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது இந்தியாவில் ஆளுக்கு 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் விடுவார்கள். சாங்கியில் வாங்கினால் சீல் வைத்த பையில் தருவார்கள், அதை வழியில் பிரிக்கக்கூடாது. சென்னையில் இறங்கி மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ உள்நாட்டு விமானம் பிடிப்பவர்கள், சுங்கம் முடிந்து பெட்டியை மறுபடி ஒப்படைப்பதற்கு முன்பே பாட்டிலை அதற்குள் வைத்துவிடுங்கள். கைப்பையோடு பாதுகாப்புச் சோதனைக்குப் போன பிறகு நினைவுக்கு வந்தால், பெட்டி ஏற்கெனவே உள்ளே போயிருக்கும்.