வெலெடா ஸ்கின் ஃபூட்: நூற்றாண்டுக் களிம்பைப் பூசும் முறை

தத்துவ அறிஞர் ருடால்ஃப் ஸ்டெய்னர், மருத்துவர் இட்டா வெக்மன் ஆகியோரின் முயற்சியால் 1921-இல் உருவான வெலெடா நிறுவனம், 1926-இல் அறிமுகப்படுத்திய ஸ்கின் ஃபூட் களிம்பில் சூரியகாந்தி எண்ணெய், தேன்மெழுகு, கம்பளிக் கொழுப்பு (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின்) ஆகியவற்றோடு கெமோமில், ரோஸ்மேரி, காலெண்டுலா, காட்டுப் பான்சி ஆகிய மூலிகைச் செடிகளின் சாறுகளும் சேர்கின்றன.

மெழுகும் கொழுப்பும் மிகுந்திருப்பதால் இது எளிதில் பரவாது. எனவே பட்டாணி அளவு மட்டும் எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து இளக்கிய பின், குளித்த ஈரம் முழுதும் காயாத தோலில் அழுத்திப் பூச வேண்டும். முழங்கை, குதிகால், வெடித்த விரல்கள் ஆகியவற்றுக்கு இரவுநேரமே ஏற்றது. எண்ணெய்ப் பசையுள்ள முகத்துக்கு, என் கருத்தில், இது பொருந்தாது.

கம்பளிக் கொழுப்போ நறுமண எண்ணெய்களோ சிலருக்கு ஒவ்வாமையைத் தரக்கூடும் என்பதால், முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் கவனியுங்கள்.